ஒதுக்கீடும் ஒதுக்கலும்

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நகர்ப்புற வறுமையும் சமூக நீதியும் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் பொருளாதாரம் படித்தவளில்லை. சென்னையில், அடையாற்றங்கரைக்குப் பக்கத்தில், 28 ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தியவள். ஆகவே ஓர் ஆசிரியைக்கு நன்றாகத் தெரிந்த பொருளிலிருந்தே தொடங்குகிறேன். அது வருகைப் பதிவேடு.

2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தது உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். பள்ளிகளை வாரக்கணக்கில் மூடிவைத்தார்கள். அரையாண்டுத் தேர்வே ஜனவரிக்குத் தள்ளிப்போனது. பள்ளி திறந்த பிறகு எட்டாம் வகுப்பில் பெயர் கூப்பிட்டேன். 11 பிள்ளைகளிடமிருந்து பதில் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும், நனைந்த புத்தகத்தோடு வர வெட்கப்படுகிறார்கள் போல என்று நினைத்தேன். பக்கத்துப் பெஞ்சுப் பையன் எழுந்து சொன்னான்: "லாரி வந்துச்சு மிஸ். எல்லாரையும் ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க." எங்கே என்று கேட்டேன். "பெரும்பாக்கம்" என்றான். ஆற்றங்கரைக் குடிசைகளில் இருந்தவர்களை அங்கே கொண்டுபோயிருந்தார்கள். அந்த வகுப்பில் பாதிப் பேருக்கு அது எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரை ஒரு கட்டத்தில் பதிவேட்டிலிருந்து எடுக்க வேண்டும். சிவப்பு மையில் ஒரு கோடு. அந்த 11 கோடுகளையும் போட்டது என் கை. இன்று நான் பேசப்போவதெல்லாம் அந்தக் கோடுகளைப் பற்றித்தான்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாற்றுச் சான்றிதழ்களைப் பையில் போட்டுக்கொண்டு பெரும்பாக்கம் போனேன். எங்கள் பள்ளியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். எட்டு அடுக்குக் கட்டடங்கள் வரிசை வரிசையாக நின்றன. எண்ணைத் தவிர ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு கிடையாது. தேடித் தேடி ஏழு பிள்ளைகளைக் கண்டுபிடித்தேன். மூன்று பேர் பக்கத்துப் பள்ளியில் சேர்ந்திருந்தார்கள். ஒருவன் தண்ணீர் கேன் போடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். என் வகுப்பிலேயே கணக்கில் கெட்டிக்காரியாக இருந்த பெண் ஆறாவது மாடியில் கதவைத் தாழிட்டுக்கொண்டு, தம்பியையும் தங்கையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமையிலும் அம்மா வேலைக்குப் போயிருந்தாள். லிஃப்ட் ஓடவில்லை. ஆறு மாடி ஏறிய எனக்கு மூச்சு வாங்கியது. ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிட்டு அவள் கேட்டாள்: "மிஸ், எம்பேரு இன்னும் ரிஜிஸ்டர்ல இருக்கா?"

அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கிளம்பும் நேரத்தில் அவளுடைய அம்மா வந்துவிட்டாள். பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். வீட்டுக்கான ஒதுக்கீட்டு ஆணை. அந்தச் சொல்லை அன்றுதான் நான் உற்றுப் பார்த்தேன். நம் மொழியில் ஒதுக்குவது என்பதற்கு இரண்டு பொருள். பிள்ளைக்கென்று ஒரு பிடி சோறு ஒதுக்கி வைத்தேன் என்று தாய் சொன்னால் அதில் அன்பு இருக்கிறது. அந்தக் குடும்பத்தை ஒதுக்கி வைத்துவிட்டார்கள் என்று ஊர் சொன்னால் அதில் கொடுமை இருக்கிறது. ஒருவருக்காக எடுத்து வைப்பதும் ஒதுக்குவதுதான், ஒருவரைத் தள்ளி வைப்பதும் ஒதுக்குவதுதான். அந்தத் தாயின் கையிலிருந்த தாள் இவற்றில் எது? அரசு ஒரு வீட்டை அவளுக்கு ஒதுக்கியதா, அவளை நகரத்திலிருந்து ஒதுக்கியதா?

சமூக நீதி என்று சொன்னவுடன் தமிழ்நாட்டில் நமக்கு நினைவுக்கு வருவது இடஒதுக்கீடு. வரவும் வேண்டும். 1921-இல் நீதிக்கட்சி ஆட்சி பிறப்பித்த வகுப்புவாரி ஆணையிலிருந்து இன்றைய 69 விழுக்காடு வரை நூறாண்டுப் போராட்டம் அது. 1951-இல் இந்திய அரசமைப்புக்கு வந்த முதல் திருத்தத்துக்கே இந்த மண்ணில் எழுந்த கிளர்ச்சி ஒரு காரணம். கல்லூரியில் இடம் கேட்டோம், அலுவலகத்தில் இடம் கேட்டோம், பெற்றோம். ஆனால் அந்தச் சொல்லின் முதல் பாதியை அதன் நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்ளுங்கள். இடம். கால் ஊன்றி நிற்கும் இடம், அடுப்பு மூட்டும் இடம், பிள்ளை படிக்கும் இடம். நகரத்துக்குள் ஏழைக்கு இடம் உண்டா என்ற கேள்வியைச் சமூக நீதிக் கணக்கில் நாம் சேர்க்கவே இல்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இப்படித்தான் எப்போதும் இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு காலத்தில் இந்த மாநிலம் நாட்டுக்கே வழிகாட்டியது. கூரைக் குடிசைகள் கோடைக்குக் கோடை தீப்பிடித்து எரிந்த காலம் அது. 1970-இல், கலைஞர் முதலமைச்சராக இருந்தபோது, குடிசை மாற்று வாரியம் பிறந்தது. இராம. அரங்கண்ணல் அதன் முதல் தலைவர். ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம் என்பது அதன் முழக்கம். அடுத்த ஆண்டே, 1971-இல், குடிசைப் பகுதிகளுக்கென்று தனிச் சட்டம் வந்தது. குடிசை எங்கே இருந்ததோ அங்கேயே, அல்லது பக்கத்திலேயே, மாடி வீடு கட்டிக் கொடுப்பது அன்றைய பாதை. நொச்சிக்குப்பத்து மீனவருக்கு நொச்சிக்குப்பத்திலேயே வீடு. கண்ணுக்கெட்டும் தூரத்தில் கடல், கைக்கெட்டும் தூரத்தில் படகு. பின்னாளில் அந்தக் கட்டடங்கள் பழுதானபோதும் அதே கரையில்தான் புதிதாகக் கட்டினார்கள்.

1977-இல் உலக வங்கிக் கடனுதவியோடு சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனைகளைப் பிரித்தார்கள். ஏழைக்குச் சிறிய மனை, நடுத்தரக் குடும்பத்துக்குச் சற்றுப் பெரிய மனை, எல்லாம் ஒரே நகரில். பெரிய மனையில் வந்த லாபம் சிறிய மனையின் விலையைத் தாங்கியது. இன்னொரு பக்கம், இருக்கும் குடிசைப் பகுதிகளுக்கே சாலை, குழாய், கழிப்பறை போட்டு, குடியிருந்த மண்ணைத் தவணையில் அவர்களுக்கே சொந்தமாக்கும் வேலை நடந்தது. இன்று அந்தத் தெருக்களில் நடந்து பாருங்கள். ஓலைக் கூரையில் தொடங்கிய வீடுகள் ஓடாகி, தளமாகி, மாடியாகி நிற்கின்றன. காலடி மண் தன்னுடையது என்று உறுதியானால் ஏழை தன் வீட்டைத் தானே கட்டிக்கொள்வான் என்பதற்கு அந்தத் தெருக்களே சாட்சி.

2000-ஐ ஒட்டிப் பாதை மாறியது. நகருக்குள் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போனது. பறக்கும் சாலை, ஆற்றங்கரைச் சீரமைப்பு என்று ஒவ்வொரு திட்டமும் கரையோரத்து மக்களை இடைஞ்சலாகப் பார்த்தது. ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கில் வீடு கட்டினால் செலவு குறையும் என்று கணக்குப் போட்டார்கள். அவ்வளவு பெரிய நிலம் நகருக்கு வெளியேதான் கிடைத்தது. 2005-க்குப் பிறகு மத்திய அரசின் நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டப் பணமும் அதே வழியில் பாய்ந்தது. முதலில் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர், 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். பிறகு செம்மஞ்சேரி, 6,000-க்கும் மேல். சுனாமியில் வீடிழந்த மீனவக் குடும்பங்கள் பலவற்றைக் கடலை விட்டு விலக்கி அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். பிறகு பெரும்பாக்கம், எழில் நகரையும் சேர்த்து 20,000-க்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் திட்டம். எல்லாம் நகரின் தெற்கு ஓரத்தில், ஒன்றுக்கொன்று அருகருகே. ஏழைகளை மட்டும் பொறுக்கியெடுத்து ஒரே மூலையில் குவித்தால் அதற்கு என்ன பெயர்? ஊர் என்றும் சேரி என்றும் கிராமத்தில் பிரித்தார்களே, அந்தக் கோடு நகரத்தில் புது உருவம் எடுத்திருக்கிறது. அந்த மாடிகளில் பெரும் எண்ணிக்கையில் வாழ்பவர்கள் பட்டியல் சாதிக் குடும்பங்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

குடிசைக்கு மாடி வீடு நல்லதுதானே, மழை ஒழுகாதே, கழிப்பறை உள்ளேயே இருக்கிறதே என்று நல்ல மனம் உள்ளவர்களும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மாடி வீடு வேண்டாம் என்று எந்த ஏழையும் சொல்லவில்லை. என் மாணவியின் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன், பதில் அதில் இருக்கிறது.

அடையாற்றங்கரைக் குடிசையில் இருந்தபோது அவள் நான்கு வீடுகளில் வேலை செய்தாள். பாத்திரம், துணி, இரண்டு வீட்டில் சமையல். எல்லாம் பத்து நிமிட நடையில். காலையில் இரண்டு வீட்டை முடித்துவிட்டு ஓடிவந்து பிள்ளைகளுக்குத் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மறுபடி போவாள். பெரும்பாக்கம் போன பிறகு மூன்றரை மணிக்கு எழுந்தாள். தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, தூங்கும் பிள்ளைகளை எழுப்பாமல் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து மணி பஸ்ஸுக்கு ஓடினாள். காலையில் ஒன்றே முக்கால் மணி நேரம், மாலையில் ஒன்றே முக்கால் மணி நேரம். அதிகாலையில் ஆள் வேண்டும் என்ற இரண்டு வீடுகள் வேறு ஆளை வைத்துக்கொண்டன. சம்பளம் பாதியானது. "அங்க இருந்தப்போ பொழுதுக்கும் வேல இருந்துச்சு மிஸ். இங்க பொழுதே பஸ்ஸுல போயிடுது" என்றாள்.

நான் கணக்கு டீச்சர், அதனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளுக்கு மூன்றரை மணி நேரம், மாதத்தில் 26 நாள் வேலை. மொத்தம் 91 மணி நேரம். எட்டு மணி நேரத்தை ஒரு வேலை நாள் என்று வைத்தால் பதினொரு நாளுக்கும் மேல். மாதத்தில் பதினொரு நாள் அவள் கூலியில்லாமல் பஸ்ஸுக்காக உழைத்திருக்கிறாள். 2021-இல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்று வந்தபோது அவள் எனக்கு போன் செய்து மகிழ்ந்தாள். அது பெரிய உதவி, மறுக்கவே முடியாது. அவள் காசு மிஞ்சியது. காலம் மிஞ்சவில்லை.

அதைவிடப் பெரிய இழப்பு எந்த ஆணையிலும் ஏறாத இழப்பு. ஏழைக்கு வங்கி எது தெரியுமா? பக்கத்து வீடு. கைமாற்றாக நூறு ரூபாய், ஏலச்சீட்டில் ஓர் இடம், நள்ளிரவில் பிள்ளைக்கு வலிப்பு வந்தால் ஆட்டோ எடுக்கும் எதிர்வீட்டு அண்ணன், பள்ளி விட்டு வரும் குழந்தைக்கு ஒரு வாய் சோறு போடும் மூன்றாம் வீட்டு ஆயா. நாற்பது ஐம்பது ஆண்டு ஒன்றாக வாழ்ந்து சேர்த்த சொத்து இது. இட்லிக் கடை போட்டவளுக்கு அந்தத் தெருமுனைதான் மூலதனம். இட்லிக் குண்டானை லாரியில் ஏற்றலாம், காலையில் வந்து நிற்கும் கொத்தனாரையும் சித்தாளையும் ஏற்ற முடியுமா? புது இடத்தில் குலுக்கல் போட்டு வீடு கொடுத்தார்கள். நேர்மையான முறைதான். ஆனால் அந்தக் குலுக்கலில் எதிர்வீட்டு அண்ணன் ஒரு பிளாக்குக்கும் மூன்றாம் வீட்டு ஆயா வேறொரு பிளாக்கின் ஏழாவது மாடிக்கும் போனார்கள். என் மாணவி தம்பி தங்கையோடு கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்ததற்குக் காரணம் அம்மாவின் வேலை மட்டும் இல்லை. ஆயா இல்லாமல் போனதும்தான்.

பிறகு விலாசம். கண்ணகி நகர் என்று சொன்னால் வேலை கொடுக்க யோசிக்கிறார்கள் என்று அங்குள்ள இளைஞர்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்லி வருகிறார்கள். நேர்காணலுக்குப் போகும்போது சித்தி வீட்டு விலாசம், அத்தை வீட்டு விலாசம் எழுதுகிறார்கள். எங்காவது திருட்டு நடந்தால் முதல் சந்தேகம் அந்தப் பக்கம் திரும்புகிறது. வாழும் இடத்தின் பெயரே ஒரு பிள்ளையின் நடத்தைச் சான்றிதழாக மாறிப்போனால் அதைத் தீண்டாமை என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? அதே கண்ணகி நகரின் பெண் கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளைஞர் விளையாட்டுப் போட்டியில் இந்தியாவுக்காகக் கபடி ஆடித் தங்கத்தோடு திரும்பினாள். ஊரே திரண்டு வரவேற்றது. நானும் தொலைக்காட்சியின் முன் கண் கலங்கி உட்கார்ந்திருந்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தங்கம் வாங்கினால்தான் அந்த விலாசம் மதிப்புப் பெறும் என்றால், தங்கம் வாங்காத ஆயிரம் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? சாதாரணமாக இருக்கும் உரிமையும் ஏழைப் பிள்ளைக்கு வேண்டும்.

இனி ஆக்கிரமிப்பு என்ற சொல்லுக்கு வருகிறேன். ஆற்றங்கரையில் குடிசை போட்டவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள், அவர்களால்தான் வெள்ளம் வந்தது என்றார்கள். கரையில் வாழ்வது ஆபத்து என்பது உண்மை. 2015-இல் அதைக் கண்ணால் பார்த்தவள் நான். ஆனால் பக்கிங்காம் கால்வாயைப் பாருங்கள். பறக்கும் ரயிலின் தூண்கள் அந்தக் கால்வாய்க்குள்ளேயே இறங்கி நிற்கின்றன. மயிலாப்பூர் நிலையம் கால்வாயின் மேலேயே எழும்பியிருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் ஒரு காலத்தில் பல ஆயிரம் ஏக்கர் பரந்து கிடந்தது. குப்பைக் கிடங்கும் சாலைகளும் அலுவலக வளாகங்களும் அடுக்குமாடிகளும் அதைத் தின்றன. மிச்சமிருந்த சதுப்புக்கு 2022-இல் ராம்சர் தகுதி கிடைத்தது. இவற்றில் எதற்கும் லாரி வரவில்லை. இன்னொன்றையும் பாருங்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி மக்களைக் கொண்டுபோன செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் அதே சதுப்பை ஒட்டிய தாழ்நிலங்கள். செம்மஞ்சேரித் தெருக்களில் 2015-லும் தண்ணீர், 2021-லும் தண்ணீர், 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர். ஆற்று வெள்ளத்திலிருந்து எடுத்து ஏரி வெள்ளத்தில் விட்டால் அதைப் பாதுகாப்பு என்று எப்படிச் சொல்ல முடியும்?

சட்டம் என்ன சொல்கிறது? பம்பாய் நடைபாதைவாசிகள் தொடுத்த வழக்கில் 1985 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்பார்கள். பிழைப்புக்கான உரிமை வாழும் உரிமைக்குள் அடக்கம் என்று அந்தத் தீர்ப்பு வகுத்தது. வேலைக்குப் பக்கத்தில் இருக்கத்தான் ஏழை நடைபாதையில் படுக்கிறான், இடத்தைப் பறித்தால் பிழைப்பைப் பறித்ததாகும் என்பதை நீதிமன்றமே ஏற்றது. மழைக்காலம் முடியும்வரை யாரையும் அகற்றக் கூடாது என்றும் சொன்னது. ஆனாலும் அகற்றுவதை அந்தத் தீர்ப்பு முழுவதுமாகத் தடுக்கவில்லை. உரிமையை வாயால் ஒப்புக்கொண்டு கையால் நழுவவிட்ட தீர்ப்பு என்றே நான் வருத்தத்தோடு சொல்வேன்.

நம் மாநிலத்தின் 1971 சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அறிவித்துவிட்டால், உரிய அதிகாரியின் அனுமதி இல்லாமல் அங்கிருப்பவர்களை வெளியேற்றும் நடவடிக்கையை எடுக்க முடியாது. அறிவிப்பு என்பது ஒரு வேலி. 1971-இல் சென்னையில் 1,202 பகுதிகளைக் கணக்கெடுத்து அறிவித்தார்கள். 1985-இல் 17 பகுதிகளைச் சேர்த்தார்கள். அதன் பிறகு பல்லாண்டுகளாகப் புதிதாக ஒன்றையும் சேர்க்கவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னை மாநகரில் 100-க்கு 28 குடும்பங்கள் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தன. இத்தனை பேர் இருந்தும் எத்தனையோ பகுதிகள் சட்டத்தின் கண்ணில் இல்லவே இல்லை. என் பதிவேட்டில் பெயரை அடித்தேன் என்று சொன்னேனே, இங்கே பெயரை எழுதவே இல்லை.

அந்த வேலி இல்லாததன் விலையை 2022-இல் பார்த்தோம். இராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், கால்வாய்க் கரை வீடுகளை நீதிமன்ற உத்தரவின்படி இடித்தார்கள். பொதுத் தேர்வு நடந்துகொண்டிருந்த நாள்கள் அவை. மே 8-ஆம் தேதி, அங்கே வாழ்ந்த ஒருவர் எல்லோர் கண் முன்னாலும் தீக்குளித்தார், பிறகு இறந்துபோனார். மறுநாள் முதலமைச்சர் சட்டமன்றத்தில் வருத்தம் தெரிவித்தார். அந்த மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பக்கத்திலேயே வீடு தருவோம், இனி மறுகுடியமர்த்தும் முன் மக்களிடம் கருத்துக் கேட்போம் என்றார். அதற்கு முந்தைய ஆண்டே மறுகுடியமர்வுக்கான வரைவுக் கொள்கை ஒன்றை அரசு வெளியிட்டிருந்தது. வாரியத்தின் பெயரையும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றியிருந்தது. நகருக்குள் பழுதடைந்த பழைய குடியிருப்புகளை அதே இடத்தில் இடித்துக் கட்டும் வேலையும் நடக்கிறது. இவை நல்ல திருப்பங்கள், மனம் திறந்து பாராட்டுகிறேன். வாழ்விடம் என்ற புதுப் பெயரில் இடம் என்ற சொல் இருக்கிறது. ஓர் உயிர் போன பிறகு தந்த வாக்கை அந்த உயிர் போகும் முன்பே தந்திருந்தால் என்ற எண்ணம்தான் நெஞ்சை அறுக்கிறது.

வேறொரு குற்றச்சாட்டும் உண்டு. "வீடு கொடுத்தாலும் இவர்கள் வாடகைக்கு விட்டுவிட்டு மறுபடி பழைய இடத்துக்கே வந்துவிடுகிறார்கள்" என்று. சிலர் வருகிறார்கள், உண்மை. ஏன் வருகிறார்கள்? ஒழுகாத கூரையை விட்டுவிட்டு ஒருத்தி ஒழுகும் கூரைக்கே திரும்பி வருகிறாள் என்றால், அவளுக்குப் புத்தியில்லை என்று நினைப்பதா, அந்த வீட்டில் ஏதோ குறை என்று நினைப்பதா? என் வகுப்பில் ஒரு பிள்ளை கணக்கைத் தப்பாகப் போட்டால் பிள்ளையின் தவறு. வகுப்பே தப்பாகப் போட்டால் பாடம் நடத்திய என் தவறு.

என்ன செய்யலாம்? நான் கேட்பதெல்லாம் எளிய விஷயங்கள். 1971 சட்டத்தின் கீழ் விடுபட்ட பகுதிகளை எல்லாம் அறிவியுங்கள், அந்த வேலியைப் போடுங்கள். பாதுகாப்பான மண் என்றால் இருக்கும் இடத்திலேயே கட்டிக் கொடுங்கள், நிலத்துக்கு உரிமை கொடுங்கள். ஆற்றின் வழியில் இருப்பவர்களைக் கட்டாயம் மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் நடந்து போகும் தூரத்தில் மாற்றுங்கள், அக்கம்பக்கத்தாரைப் பிரிக்காமல் ஒன்றாக வையுங்கள். கல்வியாண்டின் நடுவிலும் மழைக்காலத்திலும் லாரியை அனுப்பாதீர்கள். ஆள் வருவதற்கு முன் பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம், பஸ் எல்லாம் அங்கே வந்திருக்க வேண்டும். கட்டும் வீட்டை உறுதியாகக் கட்டுங்கள். 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட வாரியக் கட்டடம் ஒன்று அப்படியே சரிந்தது. விரிசலைப் பார்த்து மக்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்கள் பிழைத்தன. ஏழையின் வீட்டுக்கு ஒவ்வொரு முறையும் அந்த நல்லூழ் வாய்க்காது.

எல்லாவற்றுக்கும் மேல், நகரம் முழுக்க ஏழைக்கு இடம் ஒதுக்குங்கள். இதற்கு விதி ஏற்கெனவே இருக்கிறது. பெரிய மனைப்பிரிவு போடுகிறவர்கள் 10 விழுக்காடு இடத்தைப் பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கு விட வேண்டும் என்பது நம் வளர்ச்சி விதிகளில் இடம்பெற்ற ஒன்று. இதுவும் ஓர் இடஒதுக்கீடுதான். ஆனால் பின்னாளில், இடம் தர விருப்பமில்லை என்றால் அதற்குப் பதிலாகக் கட்டணம் செலுத்திவிடலாம் என்ற வழி திறந்தது. பணம் எங்கோ போய் எங்கோ ஓரத்தில் வீடாகும். ஏழை நம் தெருவுக்கு வரமாட்டான். கல்லூரியில் இப்படிச் செய்தால் ஒப்புக்கொள்வோமா? இடம் தரமாட்டோம், பணம் தருகிறோம், அந்தப் பிள்ளைகளுக்கு வேறெங்காவது கல்லூரி கட்டிக்கொள்ளுங்கள் என்று ஒரு கல்லூரி சொன்னால் இந்த மாநிலமே தெருவில் இறங்கியிருக்கும்.

ஏன் வீட்டு விஷயத்தில் மட்டும் இறங்கவில்லை? இதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். அரசு மட்டும் இதற்குக் காரணமில்லை, நாமும் காரணம். பக்கத்தில் போர்டு வீடு வரப்போகிறது என்றால் மனு எழுதுகிறோம். மனை விலை குறையும், சுற்றுப்புறம் கெடும் என்கிறோம். காலை ஆறு மணிக்கு அவள் வந்து நம் வாசலைத் தெளிக்க வேண்டும், ஆனால் ஐந்து மணிக்கு நம் தெருவில் அவள் தூங்கி எழக் கூடாது. அவளுடைய உழைப்புக்கு இங்கே இடம் இருக்கிறது, அவளுக்கு இல்லை.

நண்பர்களே, 2022 நவம்பரிலிருந்து நம் மாநகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. கிராம சபை போலத்தான், வார்டுக்குள் நாமே போய்ப் பேசலாம். நம்மில் பெரும்பாலோர் சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் நாய்த் தொல்லைக்கும் மட்டுமே அங்கே போகிறோம். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். போவதற்கு முன் உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவிடம், கடையில் மூட்டை தூக்கும் தம்பியிடம், குப்பை எடுக்க வரும் அண்ணனிடம், எங்கிருந்து வருகிறீர்கள், எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு போங்கள். கூட்டத்தில் எழுந்து நின்று, இவர்களுக்கான வீட்டை எங்கள் வார்டிலேயே, எங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே கட்டுங்கள் என்று சொல்லுங்கள். ஏழைகள் இதைக் கேட்டால் அதிகாரிகள் மனு என்று வாங்கி வைத்துக்கொள்வார்கள். நாம் கேட்டால் யோசிப்பார்கள். அது நியாயமில்லைதான், ஆனால் இன்றைய நிலை அதுதான். அந்தச் செல்வாக்கை ஒருமுறையாவது இதற்குச் செலவழிப்போம்.

என் மாணவி பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதித் தேறினாள். இப்போது ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். என் பெயர் இன்னும் ரிஜிஸ்டரில் இருக்கிறதா என்று அவள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அடித்த கோட்டை அழிக்க என்னால் முடியாது. எங்கள் வார்டு பகுதி சபையில் எழுந்து நின்று பேச முடியும். அடுத்த கூட்டத்தில் முதல் ஆளாக நான் பேசப்போகிறேன். நீங்களும் வாருங்கள்.